முப்பத்தாறு வயதுப் பிள்ளை

சங்கராபுரம் பள்ளிக்கூடத்தில் மாற்றுத்திறனாளிகள் முகாம். பதிவு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் அலுவலர் என் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"புள்ள எங்கங்க?"

"நான்தாங்க. அம்சவள்ளி. முப்பத்தாறு வயசு."

ஆட்டிசம் என்று எழுதியிருந்தால் கூடவே ஒரு குழந்தை வந்தாக வேண்டுமாம். எனக்கு இருப்பது இன்னதென்று பாண்டிச்சேரி டாக்டர் போன வருடம்தான் சொன்னார். அதுவரை ஊர் எனக்கு வைத்திருந்த பெயர் திமிர் பிடித்தவள்.

"நல்லாதான பேசுறீங்க. பெரியவங்களுக்கு இன்னாத்துக்கு இது?"

"பதினெட்டு வயசானா கண்ணு தெரியாதவங்களுக்குப் பார்வ வந்துடுதாங்க?"

அவர் முகம் சுருங்கியது. உள்ளே இருந்த டாக்டர் பரவாயில்லை, என்னைச் சோதிக்கச் சம்மதித்தார். ஆனால் சின்ன வயதில் என்னைக் கூடவே இருந்து பார்த்த ஒருவர் வந்து பதில் சொல்ல வேண்டும், முகாம் மூன்று மணிக்கு முடிந்துவிடும் என்றார். மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழ் இல்லாவிட்டால் எனக்குத் தொழிற்பயிற்சி, ஆலோசனை எதுவும் கிடையாது. அடுத்த முகாம் எப்போதென்று அவருக்கே தெரியவில்லை.

என் அம்மாவும் அப்பாவும் உயிரோடு இல்லை. இருப்பது என்னைவிட நாலு வயது மூத்த அண்ணன் பழனி மட்டும்தான். காலையில் கூப்பிட்டதற்கு, "அசிங்கம், கம்முனு கெட" என்று சொல்லிவிட்டு எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு நடக்கும் சாலை மறியலுக்குப் போய்விட்டான்.

மறியல் நடந்த கள்ளக்குறிச்சி ரோட்டுக்கு நடந்தேன். சத்தம் எனக்கு ஆகாது. கோஷம் மண்டையைப் பிளந்தது. காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து அவன் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னாடி இது, வூட்டுக்குப் போ. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். உன் பங்க நீ ரோட்டுல குந்திக்கினு கேக்கற, அது அசிங்கமில்ல. என் பங்க நான் கேட்டா அசிங்கமா? நீ எழுந்து வர்ற வரைக்கும் நானும் இங்கதான்."

கொடி பிடித்திருந்த ஒருவர், "போய்ட்டு வாப்பா, ரோடு எங்கயும் போய்டாது" என்றார். எழுந்து வந்தான். வழியெல்லாம் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தான். நான் கெஞ்சவில்லை.

முகாமில் டாக்டர் அவனிடம் கேட்டார்: "சின்ன வயசுல இவங்க மத்த பசங்களோட சேந்து வெளையாடுவாங்களா?"

"இல்லிங்க. தனியாவே கெடக்கும்."

"ஏன், புடிக்காதா?"

பழனி என் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்தான்.

"அது வரும்ங்க. நாங்கதான் தொரத்திடுவோம். மொதக் கல்ல நான்தான் எடுப்பன்."

டாக்டரின் பேனா நின்றது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, முப்பது வருடக் கோபம்.

"நிறுத்தாதீங்க சார்," என்றேன். "அதையும் எழுதுங்க."