ஆந்த்ரேய்க்கு அடித்த ஃப்ளெக்ஸ்

"ஆறடிக்கு நாலடி, கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். சாயந்தரத்துக்குள்ள வேணும்" என்று சொல்லித் தன் போனை என் மேஜை மேல் வைத்தார் அந்த ஆள். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அன்னதான ஃப்ளெக்ஸ், மோர்ப்பந்தல் ஃப்ளெக்ஸ், காவடிக் குழு ஃப்ளெக்ஸ் என்று காலையிலிருந்து ஒரே ரோதனை. இந்த வாரம் சாகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துச் சாகக்கூடாதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனை எடுத்தேன்.

திரையில் இருந்தது என் பாவா.

பாவா என்றால் என் அக்கா தேவயானியின் வீட்டுக்காரர், சுதாகர். அரக்கோணம் பக்கம் தீயணைப்பு வீரராக இருக்கிறார். காக்கிச் சட்டை, ஒரு பக்கம் தூக்கிய மீசை, கழுத்தில் ரோஜா மாலை. தலைக்கு மேல் ஊதா எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு ஓரத்திலும் குத்துவிளக்கு. அந்தக் குத்துவிளக்கை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும், ஏனென்றால் அது என் கம்ப்யூட்டரில் இருக்கிற குத்துவிளக்கு. அந்தப் படமே நான் செய்ததுதான்.

"இது யாருங்க?" என்றேன்.

"நம்ம ஆர்.கே.பேட்ட பையம்மா. ஃபயர் சர்வீசு. அரக்கோணம் தாண்டி கெமிக்கல் குடோன் ஒண்ணு எரிஞ்சிக்கினு கீதே, காத்தால அதுக்குப் போனவன் போய்ட்டானாம். பாவம். தறிக்காரங்க சார்பா ஒண்ணு வைக்கலாம்னு வந்தேன். இந்தப் படமே அம்சமா கீது, இதையே பெருசு பண்ணிடு."

"போய்ட்டாருன்னு யாரு சொன்னது?"

"எல்லா குரூப்லயும் ஓடிக்கினு கீதேம்மா."

நான் செய்த காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதமாக ஒரு வெளிநாட்டுத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். அணு உலை வெடித்த ஊரைப் பற்றிய கதை, தமிழில் பேசவைத்திருந்தார்கள். அதில் ஆந்த்ரேய் என்று ஒரு தீயணைப்பு வண்டி டிரைவர். சாதாரணத் தீ என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவனும் போட்ட சட்டையோடு போய்த் தண்ணீர் அடிக்கிறான். நாலு நாளில் தோல் உரிந்து சாகிறான். அவன் பெண்டாட்டியிடம் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்குத் தெரியும், ரொட்டிக் கடைக்காரனுக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும். அவள் ஒன்பது நாள் ராத்திரிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். உடம்பைக்கூட அவளுக்குக் காட்டாமல் குழிக்குள் இறக்கி மேலே சிமெண்ட்டை ஊற்றிவிட்டார்கள். அடப்பாவிகளா, ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் வாய் வெந்தா போய்விடும் என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அன்றைக்கு அழுகையும் சேர்ந்துகொண்டது.

அந்தத் தொடரின் ரசிகர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. ஆளாளுக்குப் படம் வரைந்து போடுவார்கள். எரியும் உலை, சாம்பல் விழும் பள்ளிக்கூடம், முகமூடி மாட்டிய குழந்தை. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்தது ஃப்ளெக்ஸ் வேலை ஒன்றுதான். எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் ஐஸ் பெட்டி வருவதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்துவிடும். ஆந்த்ரேய்க்கு அதுகூடக் கிடைக்கவில்லையே என்று இருந்தது. சரி, நான் அடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவரின் போட்டோ லுங்கியும் பனியனுமாக இருந்தால் வேறொருவரின் கோட்டுப் போட்ட உடம்பை எடுத்து ஒட்டுவோம். அதே பழக்கத்தில் ஆந்த்ரேயின் உடம்புக்குப் பாவாவின் பொங்கல் போட்டோவை எடுத்தேன். யூனிஃபார்ம் இருந்ததே. முகத்தை மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூக்கைக் கொஞ்சம் மாற்றினேன், முடியைக் கொஞ்சம் வெள்ளைக்காரன் முடி ஆக்கினேன். கண்ணையும் மீசையையும் தொட மனசு வரவில்லை. அந்தக் கண்ணில் ஒரு நல்ல மனுஷன் இருந்தான், அப்படியே விட்டுவிட்டேன். தெரிந்தவர்கள் பார்த்தால் அது பாவாதான். உயிரோடு இருக்கிறவர் போட்டோவை அஞ்சலி ஃப்ரேமுக்குள் சோதனைக்குக்கூட வைக்கக் கூடாது என்பது கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். எட்டு வருஷமாக அதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

கீழே ஆந்த்ரேய் என்ற பெயரும் தோற்றம், மறைவு தேதிகளும் போட்டு ஞாயிற்றுக்கிழமை குழுவில் ஏற்றினேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ பாராட்டு. எழுத்துப் புரியவில்லை, ஆனால் அழுதுவிட்டேன் என்று போலந்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்தக் குழுவில் இருந்த நம்ம பக்கத்துப் புண்ணியவான் யாரோ அதை எடுத்து, ஆந்த்ரேய் பெயர் இருந்த கீழ்ப்பாதியை வெட்டி, இன்றைக்குக் குடோன் எரிகிற செய்தியோடு சேர்த்து அனுப்பியிருக்கிறான்.

"இது நான் வரைஞ்சதுங்க" என்றேன் அந்த ஆளிடம். "அவரு என் பாவா."

அவர் எழுந்தே விட்டார். "அப்போ அவரு சாவலியா?"

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் எரிகிற குடோன் நிஜம். பாவா அந்தத் தீயை அணைக்கப் போயிருந்தால் அதுவும் நிஜம். அவர் நம்பருக்கு அடித்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"தெரியலீங்க" என்றேன்.

அக்காவுக்கு அடித்தேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். அவள் ஆர்.கே.பேட்டையில் வீட்டோடு இரண்டு விசைத்தறி போட்டிருக்கிறாள். தறி ஓடினால் காதுக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதுவரைக்கும் நல்லது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே, யாராவது ஒருத்தி போனைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கண் முன்னால் நீட்டினால் என்ன ஆகும் என்று நினைத்து மறுபடியும் அடித்தேன்.

கடை முதலாளி கஜபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். சாதாரணமாக ஒரு எழுத்து தப்பினாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனுஷர். அன்றைக்குத் திட்டவில்லை. "நீ கெளம்பு பானு. உங்கக்கா கிட்ட மொதல்ல போய் நில்லு. ஸ்டேஷனுக்கு நான் போன் போட்டுக்கினே இருக்கேன்" என்று ஸ்கூட்டர் சாவியைக் கையில் திணித்தார்.

ரோடு முழுக்கக் காவடி. போலீஸ் தடுப்புப் போட்டுச் சுற்றிப் போகச் சொன்னார்கள். மஞ்சள் வேட்டிக் கூட்டத்துக்குள் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனேன். ஒருவர் "சாமி வருது, கண்ணு தெரியல?" என்று கத்தினார். "சாமிக்கு அவசரம் இல்ல, எனக்கு இருக்குது" என்று திருப்பிக் கத்திவிட்டு, பிறகு முருகா முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஊரைத் தாண்டிய பிறகு கஜபதி போன் வந்தது. ஓரம் கட்டினேன்.

"ஆள் கெடச்சாங்க பானு. மூணு வண்டி போயிருக்குதாம், உன் பாவா மொத வண்டில. போனெல்லாம் ஸ்டேஷன்லயே வச்சிட்டுப் போயிருக்காங்க. ரெண்டு பேர ஆம்புலன்சுல எடுத்துக்கினு போயிருக்காங்களாம். பேரு இன்னும் தெரியலன்றாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத. வண்டிய பார்த்து ஓட்டு" என்று வைத்துவிட்டார்.

உயிரோடு இருக்கிறவருக்கு நானே மாலை போட்டுவிட்டேனே, என் கை விளங்குமா என்று சத்தமாகவே அழுதுகொண்டு ஓட்டினேன். எதிர்க்காற்றில் கண்ணீர் காதுப் பக்கம் போனது. அக்காவிடம் என்ன சொல்வது? பாவா நல்லா இருக்காரு, ஊர்க்காரங்க புரளி கிளப்பறாங்க என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். அவள் நம்புவாள், நான் சொன்னால் நம்புவாள். ஒரு மணி நேரம் கழித்து வேறு செய்தி வந்தால்? அதற்குள் அவள் இரண்டு லுங்கி நெய்து முடித்திருப்பாள், அவ்வளவுதான். அந்தத் தொடரில் பக்கத்து வீட்டுக்காரியும் இப்படித்தான் உண்மையை மறைத்தாள். அவளை நான் என்னென்ன கெட்ட வார்த்தையில் திட்டினேன் என்பது எங்கள் வீட்டுச் சுவருக்குத் தெரியும்.

அக்கா தெருவுக்குள் திரும்பினேன். தெருவில் சத்தமே இல்லை.

விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அந்தத் தெருவில் தடதடவென்று நாற்பது தறி ஓடும். பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் மட்டும்தான் எல்லா வீட்டிலும் மோட்டாரை நிறுத்துவார்கள். இப்போது நிறுத்தியிருந்தார்கள். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமல் சாய்த்துவிட்டு ஓடினேன்.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் தறி ஓடிக்கொண்டிருந்தது, அக்கா வீட்டில்.

வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். எதிர் வீட்டு சுலோச்சனா அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"அவளுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"எப்டி கண்ணு சொல்றது? ஆம்பளைங்க வரட்டும்னு நிக்கிறோம். உங்க நைனாவுக்கு ஆள் போயிருக்குது."

"எத்தினி நேரமா நிக்கிறீங்க?"

"அர மணி இருக்கும்."

அவர் கையை உதறிவிட்டு உள்ளே போனேன்.

அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். தலை முழுக்கப் பஞ்சு. தன் தறிச் சத்தத்தில் தெரு அடங்கியது அவளுக்குத் தெரியவே இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "இன்னாடி, வேலை நேரத்துல வந்து நிக்கிற? உங்க மொதலாளி தொரத்திட்டாரா?" என்று சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

நான் போய் மோட்டாரை அணைத்தேன். இரண்டு தறியும் நின்றன.

"அய்ய, ஏன்டி நிறுத்தன..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். தெருவின் அமைதி அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. மேலே விளக்கைப் பார்த்தாள், எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து இறங்கியது.

"யார் வீட்லடி?"

எனக்குப் பின்னால் சுலோச்சனா அக்கா வந்து நின்றிருந்தார். வேண்டாம் என்று என் முதுகில் விரலால் அழுத்தினார்.

"பானு, யார் வீட்ல?"

"அக்கா, நான் சொல்றத முழுசா கேளு" என்றேன். "அரக்கோணம் தாண்டி கெமிக்கல் குடோன் எரியுது. பாவா மொத வண்டில போயிருக்காரு. போன் ஸ்டேஷன்ல கெடக்குது. ரெண்டு பேர ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயிருக்காங்க. யாருன்னு தெரியாது. பாவா போய்ட்டாருன்னு ஒரு படம் ஊரெல்லாம் சுத்துது. அந்தப் படம் பொய். ஒரு தொடர்ல, பொண்டாட்டிக்கே சொல்லாம பொதச்சிட்ட ஒரு ஃபயர் சர்வீசு ஆளுக்காக நான் செஞ்சது, பாவா போட்டோவ வச்சி. ஆனா பாவாவுக்கு இன்னா ஆச்சின்னு எனக்கு நெசமாவே தெரியாதுக்கா."

அவள் கையை நீட்டினாள். படத்தைத் திறந்து என் போனைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சட்டைக் காலரைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இந்தப் பட்டன் நான் தச்சது. நூலு கலர் ஒத்துவரல" என்றாள். அப்படியே தறிக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வாசலில் ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். "ஏய், வாய மூடு" என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அலமாரியில் இருந்த அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். அக்கா எழுந்திருக்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"தேவி, நான்தான்." தொண்டை கரகரத்தது. "டிரைவரு போன்ல பேசறேன். எனக்கு யாரோ மால போட்டுட்டாங்களாமே, இன்னா கத?"

நீ பேசு என்று அக்கா எனக்குக் கையைக் காட்டினாள்.

"பாவா, நான் பானு. உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று அலறினேன்.

"கண்ணுதான் எரியுது. நம்ம பசங்க ரெண்டு பேருக்கு மூச்சு முட்டிச்சி, இப்போ பரவால்ல. உள்ள இன்னா கெமிக்கல்னு குடோன்காரன் ஒருத்தனும் சொல்லலம்மா. சாதா தீன்னு நெனச்சி தண்ணிய அடிச்சிக்கினு பூந்துட்டோம். வெளிய வந்தப்புறம் சொல்றான், தண்ணியே படக் கூடாதாம். தேவி கிட்ட சொல்லு, சாயந்தரம் வந்துடுவேன்."

வாசலில் ஒரே அழுகையும் சிரிப்பும். சுலோச்சனா அக்கா தரையில் விழுந்து முருகன் மலை இருக்கிற திசைக்குக் கும்பிட்டார். அக்கா அழவில்லை. மெதுவாக எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அர மணி நேரமா நின்னீங்களா?" என்றாள்.

"நீ எப்டி தாங்குவியோன்னுதான் கண்ணு..."

"அவரு அங்க செத்துக் கெடந்திருந்தா, நான் இங்க சினிமா பாட்டு பாடிக்கினு தறி ஓட்டிக்கினு இருந்திருப்பேன். நீங்க பத்து பேரும் பாத்துக்கினு நின்னிருப்பீங்க. போங்க. எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் போங்க."

கதவைச் சாத்தினாள். என்னிடம் வந்தாள். பளாரென்று ஒன்று விட்டாள். காது ஙொய்யென்றது. இன்னொன்றும் வரட்டும் என்று நின்றேன்.

"அழிச்சிட்றேன்க்கா. இப்பவே அழிச்சிட்றேன்."

"அழிக்காத. அவரு கண்ண எடுத்துட்டு அந்தத் தொடர் ஆளு கண்ண வை. அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்தா இல்ல?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "கேளு. அவரு பாக்கறது அந்த வேலை. இன்னிக்கு வந்துட்டாரு. என்னிக்காவது நெசமா ஒண்ணு ஆச்சின்னா, இவங்க இதே மாதிரி வந்து நிப்பாங்க, ஒருத்தியும் சொல்ல மாட்டா. நீதான் வரணும். எங்க இருந்தாலும் வண்டிய எடுத்துக்கினு வரணும். இன்னிக்கு சொன்ன மாதிரி மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சரியா?"

என் தலை தானாக ஆடியது.

"வாயத் தொறந்து சொல்லு."

"வந்து சொல்றேன்க்கா" என்றேன்.