நல்ல சகோதரர்களுக்குப் படம்

பிங்துங் பக்கம், செத்தவர்கள் உலவுவதாகச் சொல்லும் ஏழாம் மாதம் பிறந்தால் பாவ்-சூவுக்கும் அவள் புருஷன் தியன்-தக்குக்கும் ஓய்வு கிடையாது. புரொஜெக்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகப் போய்ப் படம் போடுவார்கள். அன்றைக்கு இடுகாட்டை ஒட்டிய சின்னக் கோயில். படம் ஊராருக்கு அல்ல, 'நல்ல சகோதரர்களுக்கு'. செத்தவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

பூசாரி ஊதுவத்தி கொளுத்தி, பன்றிக்கறியும் அரிசி மதுவும் படைத்தார். திரைக்கு முன்னால் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் பொழுது சாயுமுன் கிளம்பிவிட்டார்.

பாவ்-சூ பெட்டியைத் திறந்தாள். அகலத்திரை லென்ஸைக் காணோம். ஃபிலிமில் நெருக்கிப் பதித்த படத்தை அதுதான் திரையில் விரித்துக் காட்டும். அது இல்லையென்றால் ஆட்கள் ஒட்டடைக் குச்சியாக நீண்டு நிற்பார்கள்.

"எங்கங்க அது?"

"வீட்டுல. கல்லு மாதிரி கனம். போன வாரம் தூக்கித்தான் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. மூஞ்சி நீளமா இருக்குன்னு செத்தவனா சண்டைக்கு வருவான்?"

"வாயைக் கழுவுங்க!"

இருட்டியதும் வேறு வழியில்லாமல் படத்தை ஓட்டினாள். முதல் சுருள் முடிந்தது. குனிந்து அடுத்ததை மாட்டி நிமிர்ந்தாள். அத்தனை முக்காலிகளும் திரைக்கு முதுகு காட்டி அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தன. காற்று இல்லை. ஒன்றுகூடச் சாயவில்லை.

தியன்-தக்கின் வாயிலிருந்து பாக்கு விழுந்தது.

"லாரில இருக்கிற ஸ்கூட்டரை இறக்குங்க. லென்ஸோட வாங்க."

"நீ தனியா..."

"போங்கங்கறேன்!"

அவன் போனபின் ஈரமண் வாசம் வந்தது. அவளுக்கு அந்த முக்காலிகளுக்கு முதுகு காட்டத் துணிவில்லை. "அண்ணன்மாரே, தப்பு எங்க மேலதான். ஆள் போயிருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று கைகூப்பினாள்.

சட்டையில் சுற்றி அவன் கொண்டுவந்த லென்ஸைப் பொருத்தி, படத்தை முதலிலிருந்து போட்டாள். முகங்கள் முகங்களாயின. சுருள் முடிந்தபோதுதான் கண்ணைத் தாழ்த்தினாள். முக்காலிகள் திரையைப் பார்த்து இருந்தன. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று மட்டும் அவளையே பார்த்தது.

"இன்னும் என்னவாம் அதுக்கு?" தியன்-தக் லாரிப் பக்கம் ஒதுங்கினான்.

அடுத்த சுருள் ஓடத் தொடங்கியதும் பாவ்-சூ திரையை உற்றுப் பார்த்தாள். இடது ஓரம் லேசாக மங்கியிருந்தது. லென்ஸை மயிரிழை திருப்பினாள். ஓரம் தெளிந்தது.

"இப்பப் பாருங்க" என்றாள், யாரிடமோ. அதன்பிறகு படம் முடியும்வரை கீழே பார்க்கவேயில்லை.

முக்காலிகளைத் தியன்-தக் அடுக்கினான். இப்போது திரையைப் பார்த்துத் திரும்பியிருந்த அந்த ஒன்றை மட்டும் தொட மறுத்தான். பாவ்-சூவே எடுத்தாள். யாரோ இப்போதுதான் எழுந்துபோனது போல அது சூடாக இருந்தது.