தொண்டையில் எரிந்த விளக்கு

குடும்பத்தில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். அணைக்கிற பொத்தான்தான் கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு ஊசியைப் போட்டுவிட்டு, "ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் வாயே திறக்கக் கூடாதும்மா, போனும் கூடாது" என்று நர்ஸ் சொன்னால், அது நடக்கிற காரியமா?

இருமல் வந்து மாதக்கணக்காகிறது. நிமோனியா என்று மாத்திரை மேல் மாத்திரை விழுங்கியும் நுரையீரலில் இருந்த வெள்ளைத் திட்டு அசையவில்லை. அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம், எங்காவது பரவியிருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் படம் எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயம் வந்தால் அவள் பேசுவாள். வராவிட்டாலும் பேசுவாள், அது வேறு கதை. நர்ஸின் தலை மறைந்ததும் போர்வைக்குள் போனை இழுத்துத் தங்கையைக் கூப்பிட்டு, வெளியே உட்கார்ந்திருந்த புருஷனைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தாள்.

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். நுரையீரலில் ஒரு வெளிச்சம். தொண்டையில் அதைவிடப் பளிச்சென்று இன்னொன்று.

"தொண்டைக்கும் பரவியிருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. குழாய் விட்டு சதை எடுத்துப் பாக்கணும்" என்றவர், ஏதோ தோன்றி நிறுத்தினார். "ஊசி போட்ட பிறகு பேசினீங்களா? அது சர்க்கரை கலந்த மருந்து. எந்தச் சதை வேலை செய்யுதோ அங்க போய் ஒளிரும்."

பக்கத்திலேயே புருஷன். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் குழாய் போகும்.

"ரெண்டே வார்த்தை, டாக்டர்."

"ரெண்டு வார்த்தைக்கு இவ்வளவு வெளிச்சம் வராதும்மா."

"சரி, முழுக்கப் பேசினேன். எல்லாம் இவரோட குறட்டையையும் கஞ்சத்தனத்தையும் பத்தித்தான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் வாயால் பிழைத்தது. குழாய்க்குப் பதிலாக வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்ததில் தொண்டை சுத்தம். புருஷன் கோபிக்கவே இல்லை. "எவ்வளவு வேணா திட்டு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நுரையீரலில் ஊசி விட்டு எடுத்த சதையில் டாக்டர் சந்தேகப்பட்டதுதான் இருந்தது. ஆனால் மெதுவாக வளர்கிற, மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை.

வைத்தியம் முடிந்து மறுபடி ஸ்கேன். இந்த முறை அவள் சத்தியம் செய்துவிட்டு உள்ளே போனாள். படம் வந்தது. நுரையீரலில் வெளிச்சம் போயே போய்விட்டது. தொண்டையில் மட்டும் ஜெகஜோதி.

"மறுபடியுமா?" என்று டாக்டர் முறைத்தார். ரேடியோ புருஷன் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"நான்தான் டாக்டர் போன் பண்ணேன்" என்றார் புருஷன், தலையைக் குனிந்துகொண்டு. "உள்ளேயிருந்து சத்தமே வரலை. பயந்துட்டேன்."