முந்நூறு அடியில் நிற்கும் விமானம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறக்கக் காரணம் கற்பனை அல்ல. எங்கள் வீட்டுக் கணினியை ஐந்து நாளாக அணைக்க முடியவில்லை. அணைத்தால் ஒரு விமானம் விழுந்துவிடும்.

(திங்கட்கிழமை இப்படிச் சொன்னபோது என் கணவர் திருத்தினார். "அணைச்சா விழாது. இல்லாமப் போயிடும். விழுறது வேற, இல்லாமப் போறது வேற." அவர் லிஃப்ட் மெக்கானிக். விழுவதைப் பற்றி அவர் சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் நல்லது.)

விமானம் நிஜமானதல்ல. கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர். மேசைமேல் ஒரு கைப்பிடி, மேசைக்கடியில் இரண்டு பெடல். பெடல் வழுக்கிப் பின்னால் போகாமலிருக்க, விற்காமல் தங்கிவிட்ட என் முதல் சிறுகதைத் தொகுப்பின் கட்டு ஒன்று முட்டுக்கொடுத்திருக்கிறது. அந்தப் புத்தகத்தால் இதுவரை யாருக்காவது பயன் உண்டென்றால் அது அவருடைய கால்களுக்குத்தான்.

நிஜ விமானத்தில் அவர் ஏறியதே இல்லை. வாரம் முழுக்க லிஃப்ட்டோடு மேலும் கீழும் போய்வருகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் முன்னால் போகிறார். நாலு பேர் உட்காரக்கூடிய, ஒற்றை எஞ்சின் விமானம். போன ஞாயிறு, எதிரே ஓடுபாதை நேராகத் தெரிய, தரையிலிருந்து முந்நூறு அடி உயரத்தில், ஒரு விசையைத் தட்டி அதை அப்படியே நிறுத்தினார். "ஒரு கட்டடத்துல ஆள் மாட்டிக்கிட்டாங்களாம், கூப்பிடுறாங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாட்டிக்கொண்டவர்கள் அரை மணியில் வெளியே வந்துவிட்டார்கள். விமானம்தான் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் இதழ் ஆசிரியர் தொலைபேசியில் பேசினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கதை வேணும்மா. ஆயிரத்தைந்நூறு வார்த்தை. கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கட்டும். போன ரெண்டு கதையிலயும் ஆளைக் கொன்னுட்டீங்க."

"இதுல யாரும் சாகமாட்டாங்க சார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தரத்தில் ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு கொடுத்த வாக்கு அது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இந்த வரிகளை அந்த விமானத்தின் மேலேயே ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பத்திகளுக்கு இடப்பக்கம் ஒரு சிறகு நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே உயரமும் வேகமும் காட்டும் முட்கள் கடிகாரம் கடிகாரமாக நிற்கின்றன.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மறைக்காமல் காட்டுகிறேன்.

'மேகங்களைக் கிழித்துக்கொண்டு அந்தச் சிறிய விமானம்' (வேண்டாம். மேகத்தை யாரும் கிழிப்பதில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் சும்மா விடமாட்டார்.*)

'ஓர் ஊரில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். அவருக்குப் பறப்பதென்றால்' (என் கணவருக்கு அடையாளம் தெரியக்கூடாது என்று பல் மருத்துவராக்கினேன். மூன்றாவது வரியிலேயே அவர் சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை உருவினார். பல்லை டேப்பால் அளக்கிற மருத்துவரிடம் யார் போவார்கள்? வேண்டாம்.)

'"கதவு?" என்றார் அவர். "சாத்தியாச்சு" என்றேன் நான், அடுப்படியிலிருந்து.'

இது பரவாயில்லை, ஏனென்றால் இது நடப்பது. ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவதற்கு முன் அவர் ஒரு பட்டியலை உரக்கப் படிப்பார். கதவு, பெல்ட், எரிபொருள், விளக்கு. கதவு என்று சொல்லும்போது நான் பதில் சொல்லாவிட்டால் எஞ்சினைக் கிளப்பமாட்டார். போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம். வேகமாக ஓட்டிவிடுகிற வசதி சிமுலேட்டரில் இருக்கிறதாம். "அது ஏமாத்து" என்பார். நிஜத்தில் அந்த ஊரில் மழை என்றால் இங்கே திரையிலும் மழை. அன்றைக்கு நான் துணி உலர்த்திய கையோடு அவருடைய விமானத்தின் கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் கொடியைப் பார்க்க ஓடியதும் உண்டு.

* இந்த இதழின் மெய்ப்புப் பார்ப்பவர் கறாரானவர். வேறொரு ஊரில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறார். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு கதையையும் முதலில் படிப்பவர் அவர்தான். கொஞ்சம் பொறுங்கள், அவர் அடிக்குறிப்பிலிருந்து மேலே ஏறி வருவார்.

3

'அந்த ஊர்' என்றேன். எந்த ஊர் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் ஐந்து மாதம் கேட்கவில்லை.

சிமுலேட்டரில் உலகம் முழுக்க ஓடுபாதைகள் இருக்கின்றன. தீவு உண்டு, பனிமலை உண்டு. இவர் எல்லா ஞாயிறும் ஒரே ஊருக்குப் போவார், ஒரு வீட்டுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றுவார், தரையைத் தொடாமல் திரும்பிவிடுவார்.

"ஏங்க, அங்கேயே போறீங்க?"

"வழி தெரியும்."

"அந்தச் சிவப்பு ஓட்டு வீடு யாருது?"

கைப்பிடியைக் கொஞ்சம் சாய்த்தார். "அவ வீடுதான். ஓடு தப்பு. சிமுலேட்டர் பண்ணினவங்களா ஏதோ ஒரு கூரையைப் போட்டு வச்சிருக்காங்க. மத்தபடி இடம் சரி."

அவள் என்றால் அவருடைய தங்கை, என் நாத்தனார். அண்ணனும் தங்கையும் பேசி நான்கு வருடமாகிறது. காரணம் ஒரு படிக்கட்டு.

புது வீட்டைப் பார்க்க எல்லோரும் போயிருந்தோம். வீடு நிறைய விருந்தாளிகள். இவர் மாடிப்படியில் ஏறினார், நின்றார், இறங்கினார், டேப்பை எடுத்தார். லிஃப்ட் வந்து நிற்கும் தளத்தில் விரல் அகலம் ஏற்ற இறக்கம் இருந்தாலே இவருக்குத் தூக்கம் வராது. "ஏழாவது படி ஒன்றரை சென்டிமீட்டர் ஒசரம். யாராவது விழுவாங்க" என்று கூடத்துக்கே கேட்கும்படி அறிவித்தார். நாத்தனார் முகம் சுருங்கிவிட்டது. "குறை சொல்லத்தான் வர்றதுன்னா வரவே வேணாம் அண்ணே" என்றாள். இவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இத்துடன் முடிந்திருந்தால் ஒரு மாதத்தில் சரியாகியிருக்கும். ஆனால் மூன்றாம் மாதம் அவள் கணவர் அதே படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். செய்தி சொல்ல அவளேதான் தொலைபேசியில் பேசினாள். இவர் கேட்டுவிட்டு முதலில் சொன்ன வார்த்தை: "நான் அப்பவே சொன்னேன்ல?"

அவள் வைத்துவிட்டாள். தப்பாகச் சொன்னவனை மன்னித்துவிடலாம். சரியாகச் சொன்னவனை மன்னிப்பது கஷ்டம், அதுவும் அவனுக்கே தான் சொன்னது சரி என்று தெரிந்திருந்தால்.

இரண்டு பேருமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். குறை கண்டுபிடிப்பது அவர்களுக்குக் குடும்பத் தொழில். அண்ணன் லிஃப்ட்டில் கண்டுபிடிக்கிறார். தங்கை அச்சில் கண்டுபிடிக்கிறாள். ஆமாம், அடிக்குறிப்பிலிருந்தவர் அவள்தான்.

இந்த நான்கு வருடமாக எனக்கும் அவளுக்கும் நடக்கிற பேச்சு, என் கதைகளின் ஓரத்தில் அவள் எழுதுகிற திருத்தங்கள் மட்டும். 'பக்கம் 3: ஒருமை பன்மை பார்க்கவும்.' 'பக்கம் 5: இதே உவமை போன கதையிலும் வந்தது.' போன வருடம் ஒரு கதையில் கணவன் பாத்திரத்துக்கு இருமல் வைத்திருந்தேன். ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'பக்கம் 2: இவருக்கு இருமல் எப்போதிலிருந்து? மருத்துவரிடம் காட்டியாயிற்றா? கதையில் தெளிவில்லை.'

'சரியாகிவிட்டது' என்று பதில் குறிப்பு அனுப்பினேன். கதையில் அந்த ஆளின் இருமல் சரியாகவே இல்லை. அப்படியே அச்சாகியது.

4

போன ஞாயிறு அவர் சுற்றிவிட்டுத் திரும்பவில்லை. இறங்கத் தொடங்கினார். அதைத்தான் முந்நூறு அடியில் நிறுத்திவைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது கேட்டேன்.

"ஏங்க, இறக்கிட வேண்டியதுதானே?"

"இறங்கிட்டா அப்புறம் என்ன செய்றது? எஞ்சினை நிறுத்திட்டுச் சும்மா உக்காந்திருக்கணும். கதவைத் திறந்துக்கிட்டு அவ வீட்டுக்கு நடந்து போக முடியாதே."

"பஸ்ல போலாமே. நாலு மணி நேரம்தானே?"

"பஸ்ல போனா அவ கதவைத் திறக்கணுமே."

சிரிக்கிற கதை என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டதால் எழுந்து போய்த் தட்டைக் கழுவினேன்.

இன்று வியாழக்கிழமை. நாளை கதை போக வேண்டும். ஆகவே துணிந்து ஒரு காட்சி எழுதினேன்:

'கதவு தட்டும் சத்தம் கேட்டு அவள் படியிறங்கி வந்தாள். ஏழாவது படியில் கால் வைக்கும்போது, வெளியே நின்றிருந்தது அவளுடைய அண்

வாக்கியம் அங்கே நிற்கிறது. ஏனென்றால் மீதியை நான் விமானத்துக்குள் எழுதிவிட்டேன். சுட்டியை எங்கேயோ அழுத்தியிருக்கிறேன். என் ஜன்னல் பின்னால் போய் விமானம் முன்னால் வந்துவிட்டது. நான் விசைப்பலகையைப் பார்த்து எழுதுகிறவள். நிமிர்ந்தபோது எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. என் எழுத்துகளில் ஒன்று நிறுத்தத்தை விடுவித்திருக்கிறது, இன்னொன்று இறங்குவதற்காக நீட்டியிருந்த சிறகின் பின்பலகையை மடக்கியிருக்கிறது. ஓடுபாதை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. கைக்கு வந்த விசைகளையெல்லாம் தட்டினேன். எதிலோ நின்றது.

உயரம் இருநூற்று நாற்பது அடி.

என் எழுத்து இவ்வளவு வேகமாக யாரையும் எங்கேயும் கொண்டுபோனதில்லை.

5

சாயங்காலம் வந்தவர், செருப்பைக் கழற்றுமுன் திரையைப் பார்த்துவிட்டார்.

"யாரு தொட்டா?"

"நான்தான். ஒரு வாக்கியம் கைதவறிப் போச்சு."

ஓடுபாதை ஓரத்திலுள்ள நாலு விளக்குகளைக் காட்டினார். "ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்புன்னா சரியான உயரம். இப்ப பாரு, மூணு சிவப்பு. தாழ்ந்து போச்சு." கோபத்தைவிட அக்கறைதான் தெரிந்தது. பிறகு, "என்ன வாக்கியம்?" என்றார்.

மழுப்பிப் பயனில்லை. ஜன்னலை முன்னால் கொண்டுவந்து, எழுந்து, நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். நீங்கள் இதுவரை படித்ததை அவர் படித்தார். பல் மருத்துவர் வந்த இடத்தில் மூக்கால் சிரித்தார். படிக்கட்டு வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. தொலைபேசி வந்த இடத்தில் அவர் கண் ஒரே வரியில் வெகுநேரம் நின்றது.

"வேகம் போடலையே" என்றார் கடைசியில். "அறுபத்தஞ்சு நாட். அது இல்லாம எப்படி இறங்குறது?"

"போட்டுடறேன்."

(வேகம் அறுபத்தைந்து நாட்.)

"படியும் தப்பு. ஏழாவது இல்ல, எட்டாவது."

"சரி."

"மாப்பிள்ளைக்குக் கை எப்படி இருக்குன்னு நான் அன்னைக்குக் கேக்கவே இல்ல."

திரையில் அந்தத் தொலைபேசி வரியை விரலால் தொட்டார்.

"நாலு வருஷமா அதான் ஓடிக்கிட்டிருக்கு மண்டைக்குள்ள. நீ எழுதிட்டே."

"எடுத்துடவா?"

"வேணாம். இருக்கட்டும்." கைப்பிடியை இப்படியும் அப்படியும் அசைத்தார். நிறுத்தப்பட்ட விமானம் அசையவில்லை. "அவ இதைப் படிப்பாளா?"

"அவதான் முதல்ல படிப்பா."

"அப்ப ஒண்ணு சேத்துக்க. எங்கே வேணா போடு. கை இப்ப எப்படி இருக்கு?"

போட்டுவிட்டேன். படியை மட்டும் மூன்றாம் பகுதியில் மாற்றாமல் விட்டிருக்கிறேன். நானும் அன்றைக்கு அங்கே இருந்தவள்.

6

இனி முடிவு. நான்கு யோசித்தேன்.

முதல் முடிவு: சரியாக இந்த நேரத்தில் தொலைபேசி ஒலிக்கிறது. (தொலைபேசிகள் சரியான நேரத்தில் ஒலிப்பது கதைகளில் மட்டும். எங்கள் வீட்டில் ஒலித்தால் யாராவது லிஃப்ட்டில் மாட்டியிருப்பார்கள்.)

இரண்டாவது: மின்சாரம் போகிறது. விமானம் இல்லாமல் போகிறது. இருவரும் இருட்டில் சிரிக்கிறோம். (ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

மூன்றாவது: அவர் விமானத்தை அழகாக இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சும்மா உட்கார்ந்திருக்கிறார். (இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

நான்காவது: நாளைக்கே இருவரும் பஸ் ஏறுகிறோம். (அவ கதவைத் திறக்கணுமே.)

வேடிக்கை என்னவென்றால், என் பாத்திரங்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அது நிஜமாகி, ஒரு பாத்திரம் பக்கத்து அறையில் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று நாலு மணி நேரத் தொலைவில் சிவப்புப் பேனாவோடு காத்திருக்கிறது. அவள் கதவைத் திறக்கிறாள் என்று நான் எழுதினால் அது பொய். திறக்கமாட்டாள் என்று எழுதினாலும் பொய்தான்.

7

எனவே முடிவை வாசகரிடம் ஒப்படைக்கிறேன். எல்லா வாசகரிடமும் அல்ல. கோபிக்காதீர்கள். முதல் வாசகரிடம்.

ஆசிரியரிடம் அனுமதி வாங்கியாயிற்று. கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். மெய்ப்புப் பார்ப்பவர் அதில் என்ன எழுதினாலும் அப்படியே அச்சாகும். ஒன்றும் எழுதாவிட்டால் வெறும் இடம் அச்சாகும். விமானம் இருநூற்று நாற்பது அடியில் நிற்கும். நான் கையால் காகிதத்தில் கதை எழுதப் பழகிக்கொள்வேன்.



[மெய்ப்புக் குறிப்பு. பகுதி 2: அடுப்படியிலிருந்து பதில் சொல்கிற அண்ணி, துணி உலர்த்தப் போனது எப்போது? தெளிவில்லை.

பகுதி 3: என் வீட்டுக் கூரையில் ஓடு கிடையாது. மொட்டை மாடி, நீலத் தண்ணீர்த் தொட்டி.

பகுதி 5: படி ஏழாவதுதான். இன்று காலை எண்ணிப் பார்த்தேன். அண்ணன் வாசல் கல்லையும் சேர்த்து எண்ணியிருக்கிறார், தப்பு. ஒன்றரை சென்டிமீட்டர் என்பது சரி. இன்னும் இடிக்கவில்லை.

அதே பகுதி: கை நன்றாக இருக்கிறது. பாத்திரம் தேய்க்கச் சொன்னால் மட்டும் வலிக்கிறதாம்.

பகுதி 7: மூணு சிவப்பு என்றால் தாழ்வு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியே விட்டால் எப்படி? கொஞ்சம் மேலே தூக்கி இறக்கச் சொல்லுங்கள். இறக்கிவிட்டுக் கணினியை அணைத்துவிட்டு பஸ் ஏறச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்போம். கதவு திறந்திருக்கும்.

டேப்பைக் கொண்டுவரட்டும்.]