ஆறில் நின்ற திருகு

“நீங்கள் என்னட்டை மன்னிப்புக் கேக்கோணும், அங்கிள்.”

யசீகரன் அங்கிள் கட்லட்டைக் கடித்தபடியே என்னைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அப்பாவின் கை என் முழங்காலை அழுத்தியது. ரானுயியில் எங்கள் வீட்டிலிருந்து எப்சத்தில் அவருடைய வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் காரில் அப்பா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: “கடிதத்தில கையெழுத்தை வை, தேத்தண்ணியைக் குடி, வா. அந்த மனுசனிட்டை ஒண்டும் கேக்கப்படாது. ஒண்டும்.”

கேட்டுவிட்டேன்.

“என்ன மகேசன், மகள் பகிடி விடுறாவோ?”

“சின்னப் பிள்ளை, அண்ணை. குளிருக்குள்ள நிண்டு மூளை விறைச்சுப் போச்சு.”

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அங்கிளுக்கு ஐம்பத்தொன்று. ஈஸ்ட் டாமாக்கியில் அங்கிளின் களஞ்சியத்தில் பதினான்கு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதால், அப்பாவுக்கு அவர் அண்ணை.

மேசையில் கடிதம் கிடந்தது. அங்கிளே தட்டச்சு செய்தது. சுகந்தினி மகேசன் ஆகிய நான், திரு. யசீகரனின் மகள் தேவதர்ஷினியின் பனிச்சறுக்குக் கட்டையின் பிடியைத் தவறுதலாக அளவுக்கு மீறி இறுக்கினேன், அவளுடைய கால் முறிந்ததற்கு நானே காரணம். கீழே புள்ளிக்கோடு. பக்கத்தில் பேனை, மூடி கழற்றியபடி.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. இயந்திரப் பொறியியல். பதினொரு மாதம் ஆக்லாந்து முழுக்க விண்ணப்பம் போட்டேன். ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் தெற்கே நாலரை மணி நேரத்திலுள்ள மலையில் ஒரு குளிர்காலத்துக்கு வேலை கிடைத்தது. பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்குக் கொடுக்கும் பட்டறை. அம்மா ஆட்களிடம் “ட்ரெயினிங் போயிருக்கிறா” என்று சொன்னா. காலை ஆறு மணிக்கு, முந்தின நாள் வேர்வை காயாத நூறு சப்பாத்துகளின் நாற்றத்துக்குள் நின்று திருகு திருப்புவதுதான் அந்த ட்ரெயினிங். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. படித்தது கைக்கு வந்த ஒரே இடம் அதுதான்.

சப்பாத்தைக் கட்டையோடு பிடித்து வைத்திருக்கும் பிடியில் ஒரு திருகு இருக்கும். ஆள் விழுந்தால் பிடி கழன்றுவிட வேண்டும். கழலாவிட்டால் கட்டை காலையும் சேர்த்து முறுக்கும். நிறை, உயரம், வயது, பழக்கம் எல்லாவற்றையும் படிவத்தில் பார்த்துத்தான் அந்தத் திருகை எந்த எண்ணில் நிறுத்துவது என்று முடிவெடுப்போம்; எண் கூடினால் பிடி இறுகும். பழக்கத்துக்கு மூன்று கட்டங்கள். முதலாவது, புதியவர். மூன்றாவது, வேகமாக ஓடுகிற கைதேர்ந்தவர்.

ஜூலைக் குளிர்காலப் பள்ளி விடுமுறையில் அங்கிள் குடும்பத்தோடு வந்தார். தேவதர்ஷினி உள்ளே சப்பாத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தை அங்கிள்தான் நிரப்பினார். மூன்றாவது கட்டத்தில் சரி போட்டார்.

“அங்கிள், தர்ஷினி சறுக்கிறது முதல் தரம்தானே?” என்று கேட்டேன்.

“என்ரை பிள்ளை எதிலயும் மூண்டாம் கட்டம்தான். போட்டிருக்கிறதைச் செய் பிள்ளை. நீ இங்கை சப்பாத்துக் குடுக்கிற ஆள்.”

பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலில் நிற்க வேண்டிய திருகு ஆறில் நின்றது.

மதியத்துக்கு முன்னால் தர்ஷினியின் கெண்டைக்காலுக்குள் எலும்பு முறுகி உடைந்தது. தான் முதலாவது கட்டத்தில்தான் போட்டதாகவும் நான்தான் மாற்றியதாகவும் அங்கிள் புகார் எழுதினார். படிவத்தைத் தேடியெடுக்குமுன்பே என்னைப் பட்டறையிலிருந்து தூக்கி உணவகத்தில் தட்டுக் கழுவ விட்டார்கள். செப்டம்பர் முடியும் வரை கழுவினேன். இப்போது மேலாளர் என் விளக்கத்தைக் கேட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் அடுத்த குளிர்காலத்தில் பட்டறையா, வாசலா என்று சொல்வாராம். இன்றுதான் கடைசி நாள். அங்கிள் தட்டச்சு செய்து வைத்திருந்தது அந்த விளக்கத்தைத்தான்.

“மன்னிப்போ?” அங்கிள் கையைத் துடைத்தார். “என்ரை பிள்ளை மூண்டு மாசம் ஊண்டுகோலோடை. நீ வந்து மன்னிப்புக் கேக்கிறாய். பட்டம் எடுத்த கொழுப்பு, மகேசன். நான் அப்பவே சொன்னனான், உவளுக்கு ஒரு கலியாணத்தைப் பாரெண்டு.”

“ஓம் அண்ணை,” என்றார் அப்பா.

அந்த ‘ஓம்’ என்னை எரித்தது. பையிலிருந்து, பட்டறையில் பிறகு கிடைத்த படிவத்தின் பிரதியை எடுத்தேன். அங்கிளுக்குக் கொடுக்கவில்லை. ஜன்னலோரம் காலை நீட்டிக்கொண்டு போன் பார்த்த தேவதர்ஷினியின் மடியில் வைத்தேன்.

அவள் ஒரு முறை பார்த்தாள். பிறகு கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“தட்ஸ் யுவர் ரைட்டிங், டாட்.”

“உது ஆரோ...”

“டாட். யுவர் செவன்ஸ்.” அங்கிள் ஏழுக்கு நடுவே கோடு போடுகிறவர். பிறந்த திகதியில் இரண்டு ஏழுகள் இருந்தன. “யூ டோல்ட் மீ ஷீ சேஞ்ச்ட் இட்.”

எனக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. நிலைக்கவில்லை. தேவதர்ஷினி என் பக்கம் திரும்பினாள்.

“பட் யூ நியூ, ரைட்? நான் ஃபர்ஸ்ட் டைம் எண்டு?”

“தெரியும்.”

“தென் வை?”

சொல்ல எத்தனையோ இருந்தன. வரிசை, வெள்ளைக்காரர்கள், அவருடைய குரல். எல்லாம் சாட்டு.

“உங்கடை அப்பா என்ரை அப்பான்ரை முதலாளி.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அருவருப்புத்தான் இருந்தது. தகப்பனுக்கும் எனக்கும் சரிசமமாகப் பங்கு வைத்தது.

“சுகி,” அப்பா பேனையை என் பக்கம் தள்ளினார். “வை அம்மா கையெழுத்தை. இந்த வயசில ஆர் எனக்கு வேலை தரப்போறாங்கள்? உனக்கு அந்த மலை இல்லாட்டி வேறை ஒண்டு.”

“காலமையே அனுப்பிட்டன் அப்பா.”

“என்னத்தை?”

“மேலாளருக்கு விளக்கம். படிவத்தை நிரப்பினது அவர் எண்டு எழுதினனான். முதல் தரம் எண்டு தெரிஞ்சும் திருகைத் திருப்பினது நான் எண்டும் எழுதினனான். பயத்தில எண்டு. என்னை எடுக்கமாட்டாங்கள். பரவாயில்லை.”

“பிறகு என்ன கோதாரிக்கு இங்கை வந்தனி?” அங்கிள் எழுந்தே விட்டார்.

“மன்னிப்புக் கேக்க வைக்க. நான் என்ரை பங்கை எழுதிட்டன். உங்கடை பங்கை நீங்கள் வாயாலயாவது சொல்லுவியள் எண்டு பாத்தன்.”

அவர் அப்பாவைத்தான் பார்த்தார். “மகேசன், திங்கக்கிழமை வந்து களஞ்சியச் சாவியைத் தாரும்.”

அப்பா தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. இப்போதும் “ஓம் அண்ணை” என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. நான் அதைக் கேட்க நிற்கவில்லை. தேவதர்ஷினிக்கு மட்டும் “ஐ ஆம் சொறி” என்றேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். என்னை மன்னிக்க வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

வாசலில் சப்பாத்தை மாட்டினேன். கார்ச் சாவி அப்பாவிடம். ரானுயிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கதவைச் சாத்தாமலே இறங்கி நடந்தேன்.