சத்தமில்லாத கார்

"சைலன்சரோட முன் பைப்பையும் மாத்திடுங்க" என்றார் பண்ருட்டி மெக்கானிக் பன்னீர்செல்வம். இன்ஜினிலிருந்து வரும் குழாய் சைலன்சரோடு சேரும் இடம், பின்சீட்டுக்கு நேர் கீழே, இற்றுப்போயிருந்தது. சைலன்சர் அவரிடமே இருந்தது. பைப் மெட்ராஸிலிருந்து வர நாலு நாளாகும். வெள்ளிக்கிழமை விருத்தாசலத்தில் என் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. அங்கே மச்சான் வீட்டு வாசலில் டபடபவென்று போய் இறங்கினால் மானம் போய்விடும். சத்தம்தானே நிற்க வேண்டும், சைலன்சர் மட்டும் போதும் என்றேன். அவர் ஸ்பானரை எடுத்தார்.

நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகுதான் இந்த நாலு சிலிண்டர் பழைய காரை வாங்கி மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு ஓட்டுகிறேன். கொல்லையில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் சாக்கைச் சுற்றிக் களிமண் பூசுவேன். ஒரு சொட்டு கசியாது. காரின் இற்றுப்போன இணைப்புக்கும் அதையே செய்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். திருப்பத்தில் கை காட்ட வேண்டுமே என்று என் பக்கம் மட்டும் திறந்திருந்தது. குழந்தையைப் பின்சீட்டில் கிடத்திவிட்டு என் மனைவி தனம் முன்னால் உட்கார்ந்தாள். வண்டி பூனை போலப் போனது. தலை வலிக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். பிறகு திரும்பிப் பார்த்து, "சத்தமே இல்லையா, எப்படித் தூங்கிகினு இருக்குது பாருங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மச்சான் வீட்டு வாசலில் தூக்கியபோது குழந்தையின் தலை தொங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். உயிர் போய்விட்டது என்றார். மூடிய இடத்தில் கரி ஏதாவது எரித்தீர்களா, புகை மூச்சில் ஏறினால் இப்படித்தான் ஆகும் என்றார். நான் வெளியே ஓடி, சேற்றில் படுத்துக் காருக்கடியில் பார்த்தேன். சாக்கு கருகியிருந்தது. களிமண் வெடித்து, பின்சீட்டுத் தரையின் துரு ஓட்டைக்கு நேராக இணைப்பு மெல்லிய கீறலாகப் பிளந்திருந்தது.

சொல்லிவிடத்தான் உள்ளே போனேன். அதற்குள் தனம் டாக்டர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காலையில தலைக்கு ஊத்திட்டு நான்தாங்க சாம்பிராணி போட்டேன். குழந்தைக்குக் குளுரும்னு கதவச் சாத்திகினு போட்டேன்."

அவள் முகத்தில் மாறி மாறி அறைந்துகொண்டாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் நிற்க முடியாது.

மறுநாள் அவள் சாம்பிராணி போட்ட மண் தூபக்காலைத் தெருவில் போட்டு உடைத்தாள். யார் காலிலும் குத்திவிடக் கூடாதென்று, துண்டுகளை நான்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.