கழித்தது போக நிற்கும் எடை

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் பார்க்க வருகிறார்கள், அம்மாவும் கூட வரவேண்டும் என்று மகள் ஆனந்தவல்லி வந்து சொன்னதிலிருந்து அம்சத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எடை பார்க்கிறவர்கள் மேல் அவளுக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. அவள் படித்த காலத்தில் 'எடை குறைவு' பிள்ளைகளைத் தனியாக வேப்பமரத்தடியில் நிறுத்துவார்கள். வருஷம் தவறாமல் அம்சம் அங்கே நின்றாள். பெற்றவர்கள் பண்ணையில் நாளெல்லாம் உழைத்தும் வீட்டில் உலை வைக்காத நாட்கள் அவை. இப்போது அம்சத்துக்குச் சொந்த வயல் இருக்கிறது, அடுப்பில் மூன்று வேளையும் சோறு இருக்கிறது. தன் மகள் வேப்பமரத்தடியில் நிற்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எடை விஷயத்தில் அவள் விவரம் தெரியாதவளும் இல்லை. அறுப்பு முடிந்தால் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கப் போகிறவள் ஆயிற்றே! அங்கே தராசு காட்டுவது ஒன்று, கணக்கில் ஏறுவது ஒன்று. சாக்குக்குக் கழிப்பார்கள், ஈரத்துக்குக் கழிப்பார்கள். மூட்டைக்கே அப்படியென்றால் பிள்ளைக்கு எத்தனை கழிப்பார்களோ? உடுப்பு, கொலுசு, காலையில் தின்ற இட்லி என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தவள், வீட்டிலிருந்த இரும்பு எடைக்கற்களைத் துணியில் சுற்றி மகளின் இடுப்பில் கட்டி, மேலே சீருடையை இழுத்துவிட்டாள்.

"நடக்க முடியலம்மா!"

"சும்மா வாடி. கழிக்கும்போதுல்ல தெரியும்."

பள்ளிக்கூட வராந்தாவில் ஆனந்தவல்லி எடை மெஷினில் ஏறினாள். நர்ஸ் மெஹராஜ் பேகம் எண்ணைப் பார்த்தார், உயரத்தோடு ஒத்துப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார்.

"பாப்பாவுக்கு எடை அதிகம்மா."

அம்சத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேட்டுக்கங்க, எம்மவ எடை அதிகமாம்!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். மற்ற அம்மாக்களில் நாலைந்து பேர் பொறாமையோடு பார்க்கவும் செய்தார்கள்.

"இது சந்தோஷப்படுற விஷயம் இல்லம்மா. குறைஞ்சாலும் கஷ்டம், கூடினாலும் கஷ்டம். இந்த வயசுலயே இப்படின்னா பின்னால சுகர், பிரஷர் எல்லாம் வரும். பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

அம்சம் நர்ஸின் நோட்டை எட்டிப் பார்த்தாள். "கழிச்சுதானே சொல்றீங்க?"

"எதைக் கழிக்கணும்?"

"கழிக்கவே இல்லையா? போட்ட எடைய அப்படியேவா எழுதுனீங்க?"

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. மகளின் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். எடைக்கற்கள் சிமெண்டுத் தரையில் ணங்கென்று விழுந்தன. மெஹராஜ் பேகம் ஒரு நிமிடம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனந்தவல்லி அதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள்.

"சரியா இருக்கும்மா."

"குறைவு இல்லையே?"

"குறைவும் இல்ல, அதிகமும் இல்ல. உயரத்துக்கேத்த எடை."

இன்னொரு தரம் சொல்லச் சொல்லி அம்சம் கேட்டுக்கொண்டாள். அவள் கண்கள் ஏன் கலங்கின என்று நர்ஸுக்குத் தெரியாது. ஆனாலும், "நீங்களும் ஏறுங்களேன்," என்றார்.

அம்சம் செருப்பைக் கழற்றினாள். மடியிலிருந்த சாவிக்கொத்தை மகளிடம் கொடுத்தாள். பயந்து பயந்து ஏறி நின்றாள்.

நர்ஸ் அவளைச் சுவரோரம் நிறுத்தி உயரமும் பார்த்துவிட்டு வந்து சொன்னார்:

"நீங்களும் சரியா இருக்கீங்க."

அம்சம் மறுபடி போய் மெஷினில் ஏறிக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டும் இறங்கவில்லை.